நாற்பத்து மூன்றில் ஓர் அழைத்தல்

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களில் துறவறத்துக்குப் போகிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு போய்விடுவார்கள். மீசை அரும்பிக்கொண்டிருக்கும்போதே கோயிலில் மாலை போட்டு, பங்குச்சாமியார் தலையில் கைவைத்துச் செபித்து, தெருவே பஸ் நிறுத்தம்வரை வந்து வழியனுப்பும். நான் போகலாமா என்று கேட்டது நாற்பத்து மூன்றாவது வயதில். கேட்ட நாளிலிருந்து எனக்கு வெட்கம்தான். யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முட்டுக்காட்டில் படகில் ஏற வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், வாரை இழுத்து இறுக்க வேண்டும், கிளிப்பைப் போட வேண்டும். கையைத் தூக்கு என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. நான் என் கையைத் தூக்கிக் காட்டினால் அவர்களும் தூக்கிவிடுவார்கள். பேச்சு தேவைப்படாத வேலை என்பதால்தான் இத்தனை வருடம் அதில் நின்றேன் என்று நினைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. பெண் பார்க்கப் போன இடங்களில் அது பெரிய சங்கடமாகிவிட்டது. ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா என்னிடம் ஊர், வேலை, எந்தக் கோயில் பங்கு என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் என் அக்காவே பதில் சொன்னாள். "மாப்பிள்ளைக்கு வாய் பேச வராதா?" என்று அவர்கள் பிறகு தரகரிடம் கேட்டார்களாம். அதன்பிறகு நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நெம்மேலிப் பக்கம் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். அக்கா படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஒரு தவக்காலத்தில் எங்கள் அன்பியத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு இல்லத்துக்கு மதியச் சாப்பாடு எடுத்துப் போனோம். அன்பியம் என்றால் எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் கூட்டம். அந்த இல்லத்தில் யாருமற்ற வயதான ஆண்கள் இருந்தார்கள். பிரதர்கள் அதை நடத்தினார்கள். பிரதர்கள் குருக்கள் இல்லை, பூசை வைக்க மாட்டார்கள். வார்த்தைப்பாடு கொடுத்து, கல்யாணம் செய்யாமல், ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து வேலை செய்கிறவர்கள். குருவாகப் போக வேண்டுமென்றால் வருடக்கணக்கில் படிக்க வேண்டும். எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

அன்று முடி வெட்டுகிறவர் வரவில்லை. கிழவர்கள் எல்லோரும் தாடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிரதர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சும்மா நின்ற என் கையில் ஒரு ரேசரைக் கொடுத்து, "இவருக்குப் பாருங்கண்ணே" என்றார். என் முன்னால் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நுரையைத் தடவியதும் தானாகவே ஒரு கன்னத்தை உப்பிக் காட்டினார். அதை முடித்ததும் மறு கன்னத்தை உப்பினார். கழுத்துக்கு வந்ததும் தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டார். ரேசர் வைத்திருக்கும் ஒரு புது ஆளிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வேனில் திரும்பி வரும்போது, இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணம் போகவே இல்லை.

கேட்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. இரண்டு தடவை செங்கல்பட்டுவரை பஸ்ஸில் போய்விட்டு, கேட் அருகில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை அந்த பிரதரே வெளியில் வந்தார்.

"இங்க சேரணும்னா இன்னா பண்ணணும் பிரதர்?" என்றேன்.

"சந்தோசம்ணே. உங்க பையன் என்ன படிக்கான்?" என்றார்.

"பையன் இல்ல பிரதர். நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. "வயசு கொஞ்சம் கூடுதலா இருக்கேண்ணே. எங்க சபைப் பெரியவங்கதான் முடிவு பண்ணணும். மே மாசம் சேர நினைக்கிறவங்களுக்கு அழைத்தல் முகாம் இருக்கு, வந்து எங்களோட தங்கிப் பாருங்க" என்றார்.

முகாமுக்குப் போனேன். வந்திருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள். கேட்டில் ஒரு அப்பா தன் மகனை என்னிடம் ஒப்படைத்து, "பிரதர், கொஞ்சம் வாலு. ரெண்டு போட்டாலும் பரவால்ல, ஒழுங்கா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போனார். நானும் அவனைப்போல முகாமுக்கு வந்தவன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு உள்ளே நான் பையன்களின் வரிசையில் உட்கார்ந்தபோது அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

காலையில் ஆக்‌ஷன் சாங். வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்றபடி பறவைபோல் கையை விரித்து, தவளைபோல் குதித்து, பக்கத்தில் இருப்பவன் காதைப் பிடிக்க வேண்டும். தவளைக்குக் கீழே உட்கார்ந்தபோது என் முட்டி சத்தம் போட்டது. "அங்கிள், நீங்க குதிக்க வேணாம், சும்மா கை தட்டுங்க" என்றான் ஒருவன் அன்பாக. கை தட்டினேன். மற்ற எல்லாரும் தவளையாக இருக்கும்போது நடுவில் ஒருவன் மட்டும் நின்று கைதட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலங்களில் பகிர்வு நடக்கும். இல்லத்தின் பிரதர்களும் பையன்களும் சேர்ந்து உட்கார்ந்து அன்றைக்கு மனதில் பட்டதைச் சொல்வார்கள். என் முறை வருவதற்கு முன்பே நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். பாத்திரங்களைக் கழுவுவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன். மற்ற நேரத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுவேன். "அங்கிளுக்கு எவ்ளோ தாழ்ச்சி பாரு" என்று என் பணிவைப் பற்றிப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது.

முகாம் முடிந்து சில வாரம் கழித்து, வீட்டைப் பார்க்க வருவதாக பிரதர் போன் செய்தார். சேர விரும்புகிறவர்களின் வீட்டுக்கு ஒருவர் வந்து குடும்பத்தைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதை அக்காவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லித்தான் முகாமுக்குப் போயிருந்தேன்.

"பிரதர் இன்னாத்துக்கு நம்ம வூட்டுக்கு வர்றாரு?" என்றாள்.

"என்னப் பாக்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சுவரில் ஒட்டடை அடிக்கத் தொடங்கினாள்.

எங்களுக்கு ஒரு ஆள் வீட்டுக்கு வந்து ஒரு ஆளைப் பார்ப்பது என்றால் ஒரே முறைதான் தெரியும். அக்கா பட்டுப்புடவை கட்டினாள். மாமா சவாரிக்குப் போகாமல் வேட்டியில் உட்கார்ந்தார். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தயாராயின. "நீ உள்ளயே இரு. கூப்புட்றப்போ வந்தா போதும்" என்று என்னை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டாள். பிரதர் வந்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்க்கும் சத்தமும் கேட்டது. பிறகு மாமாவின் குரல்: "டீய அவனே கொண்டாரட்டும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. டீ தட்டில் சிந்தியது. பிரதர் உதட்டைக் கடித்துக்கொண்டு டம்ளரை எடுத்தார். நான் சுவர் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றேன்.

"உக்காரு மச்சான், இன்னாத்துக்கு வெக்கப்பட்ற" என்றார் மாமா. "தங்கம் பிரதர் இவன். குடி கெடயாது, பீடி கெடயாது. ஒரு வார்த்த எதுத்துப் பேசனது கெடயாது."

"எங்க வம்சத்துல சக்கரை, பிரஷர் யாருக்கும் இல்ல பிரதர்" என்றாள் அக்கா. "முப்பத்தெட்டுதான் ஆவுது இவனுக்கு. தலை நரச்சது பித்தத்தால."

"அண்ணன் முகாம்ல நாப்பத்து மூணுன்னு சொன்னாகளே" என்றார் பிரதர்.

அக்கா அசரவில்லை. "அவனுக்கு இன்னா தெரியும் பிரதர்."

பிரதர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அக்காவை நிறுத்தி, இது கல்யாணப் பேச்சு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் பிரதர் டம்ளரைக் கீழே வைத்தார். "வயசு விஷயம் எங்க பெரியவங்க பாத்துக்கிடுவாங்க. எனக்கு வேற ஒரு யோசனை இருக்குண்ணே. சொன்னாத் தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். "எங்க வீட்ல எட்டுப் பேரு இருக்கோம். ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் கோவக்காரன். சாயங்காலம் உக்காந்து பேசித்தான் அதைத் தீக்கணும். பேசலேன்னா ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது. நீங்க முகாம்ல ஒருநாளும் பகிர்வுல இருக்கல. பாத்திரம் கழுவப் போயிருதீங்க. பையங்க அதத் தாழ்ச்சின்னாங்க. எனக்கு அப்படித் தோணல. ஓடுறீங்கன்னு தோணிச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடவுள் கூப்பிட்டார் என்று நான் நினைத்தேன். கிழவரின் உப்பிய கன்னம்தான் அந்த அழைப்பு என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கிழவர் எதுவும் கேட்கமாட்டார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்திருந்ததா? இரண்டும் கலந்துதான் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்காதான் பேசினாள். இந்தத் தடவை எனக்காகப் பேசவில்லை.

"அது நெசம்தான் பிரதர்" என்றாள். "வூட்லயும் அப்டித்தான். சாப்புட்டா தட்டக் கழுவிகினு உள்ள பூடுவான். எத்தினி வருசமா என்கூட கீறான், இவனுக்கு இன்னா புடிக்கும், இன்னா புடிக்காதுன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கேசரி புடிக்குமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. வெக்கத்த வுட்டுச் சொல்றேன். சாமியாராப் போனாலாவது யார்கிட்டயாவது வாயத் தொறப்பானான்னுதான் நெனச்சேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. நல்லவன், யாருக்கும் தொந்தரவு தராதவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்தில் ஆடிப்போனது. அக்கா சமைத்துப் போட்டதை இத்தனை வருடம் நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தின்றிருக்கிறேன்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையாவது சொல்ல வேண்டும்.

"கேசரி எனக்குப் புடிக்காதுக்கா" என்றேன்.

"அடப்பாவி" என்றார் மாமா. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப பஜ்ஜியத் தின்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

பிரதரை பஸ் ஏற்றிவிட ரோடுவரை நடந்தேன். "இதுதான் நீங்க பேசி நான் கேட்ட பெரிய பேச்சு" என்றார். பஸ் வருவதற்குள் நானாகவே ஒன்று சொன்னேன்: "வரணும்னு ஆசையாத்தான் கீது பிரதர். ஓட்றதுக்காக மட்டும் இல்ல." அவர் என் தோளைத் தட்டினார். "பெரியவங்ககிட்ட அதையும் சொல்லுதேன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அன்பியத்தில் எனக்காகச் செபிக்கத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் என்னைப் பார்த்தவர்கள், "எப்போ கெளம்பறீங்க?" என்று கேட்டார்கள். என்னைவிட வயதில் பெரிய ஒரு அம்மா எழுந்து நின்று, சாமியாருக்குச் சொல்வதுபோல எனக்குத் தோத்திரம் சொன்னார். அந்த மாதங்களில் நான் தெருவில் தலைகுனிந்து நடந்ததற்கு அடக்கம் என்று அவர்கள் பேர் வைத்தார்கள். வீட்டில் மட்டும், சாப்பிட்டதும் உடனே எழுந்து போகாமல் இருந்து பார்த்தேன். பேச ஒன்றும் வராது. அக்கா தன் குடியிருப்பில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாயைப் பற்றிச் சொல்வாள். நான் "ம்" கொட்டுவேன். அதற்கே எனக்கு முகம் வியர்க்கும்.

பிரதர் கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். ஜாக்கெட் குவியலுக்குப் பின்னால் போய்ப் பேசினேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "பெரியவங்க வேண்டாம்னுட்டாங்கண்ணே. வயசு ஒண்ணு. கூடி வாழ்றது இனிமே உங்களுக்குச் சிரமமாப் போகும்னு ஒண்ணு. நான் பேசிப் பாத்தேன்" என்றார். சரி பிரதர் என்றேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இங்கு வரலாம் என்று அவர் சொன்னதற்கும் சரி பிரதர் என்றேன்.

திரும்பி வந்தபோது என் கண்ணைப் பார்த்துவிட்டு ஸ்பீட் போட் ஓட்டுகிறவர், "இன்னாயா ஆச்சு? வூட்ல எதுனா கெட்ட சேதியா?" என்றார். எங்கள் இடத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லை என்பதுதான் என் பதில். அன்று வாய் தவறியதுபோல உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சாமியாரா சேத்துக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். வேணான்ட்டாங்க."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "ஏன்?"

"வயசாயிடுச்சாம். யார்கூடவும் பேச மாட்டேனாம்."

"கல்யாணத்துக்கும் தேற மாட்ட, சாமியாருக்கும் தேற மாட்டன்னா உன்ன வெச்சிகினு இன்னாதான் அண்ணாத்த பண்றது?" என்றார். படகில் ஏறி உட்கார்ந்திருந்த குடும்பமே சிரித்தது. ஜாக்கெட்டுக்குள் ஒரு குழந்தையும் ஏன் என்று தெரியாமல் சிரித்தது. கன்னம் எரிய நானும் சிரித்தேன். அவர் எஞ்சினைப் போட்டுவிட்டு, போகும்போது திரும்பி, "சாயந்தரம் டீக்கு நில்லு. என்னாண்ட எல்லாத்தயும் சொல்ற" என்றார்.

அக்காவிடம் அன்றே சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் சுரண்டுவதை நிறுத்தாமல், "தெரு முழுக்கச் சொல்லிட்டேனேடா" என்றாள். "எல்லாரும் ஜெபம் பண்ணிகினு கீறாங்க. இப்போ போயி நான் இன்னான்னு சொல்வேன்?"

"நான் சொல்லிக்கறேன்."

"நீயா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அந்த வாரம் அன்பியம் எங்கள் தெருக்கோடி வீட்டில். பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் வேண்டுதலைச் சத்தமாகச் சொல்வார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட என் மன்றாட்டைச் சொன்னதில்லை. வழக்கம்போல, எனக்குத் தோத்திரம் சொன்ன அந்த அம்மா என் அழைத்தலுக்காக மன்றாட்டைத் தொடங்கப்போனார். நான் எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது.

"எனக்காக வேண்டிகிட்டீங்க. ரொம்ப நன்றி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "அவங்க என்ன வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் போவல. இங்கதான் இருப்பேன். இனிமே அதுக்காக யாரும் வேண்ட வேணாம்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நான் நிறுத்தியதும், பழக்க தோஷத்தில் அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் வெந்துபோய்ப் பாயில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் தன் மகளின் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஆரம்பித்திருந்தாள். அவள் முடித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சத்தமாகவே பதில் சொன்னேன்.